நாற்பது நாள் மூத்தவளின் ஷோல்டர் ரெஸ்ட்

அந்த வருடம் நம்மை எழுப்பி நிறுத்தினார்கள். நினைவிருக்கிறதா தோழிகளே, ஒன்பதாம் வகுப்பு, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம்?

அதுவரை வயலின் வகுப்பு என்றால் நமக்கு ஜமுக்காளம்தான். பன்னிரண்டு பேரும் சம்மணமிட்டு உட்கார்வோம். வலது காலைச் சற்று முன்னால் தள்ளி, கணுக்காலின் மேல் வயலினின் சுருண்ட தலையை ஊன்றி, அடிப்பக்கத்தை நெஞ்சில் சாய்த்துக்கொண்டால் முடிந்தது. வயலினைத் தாங்குவதைக் காலும் நெஞ்சும் பார்த்துக்கொள்ளும். இடது கைக்குப் பிடிக்கிற வேலை கிடையாது. விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், தந்தியின் மேல் ஒரு வழுக்கல், அவ்வளவுதான். நம் சங்கீதமே அந்த வழுக்கலில்தான் இருந்தது.

தலைமையாசிரியை புதிதாகக் கட்டிய விழா மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக நம் வகுப்புக்கு வந்தார்.

"உட்கார்ந்து வாசிச்சா நாலாவது வரிசைக்கு மேல யாருக்கும் தெரியாதுங்க. டிவில எல்லாம் நின்னுதானே வாசிக்கிறாங்க? ஆண்டுவிழாவுக்கு நிக்க வச்சிருங்க. ஒரு பொண்ணு முன்னால வந்து அஞ்சு நிமிஷம் தனியா வாசிக்கட்டும். பார்க்க நல்லா இருக்கும்."

வயலின் மிஸ் ஸ்ரீரங்கத்துக்காரர். ஏழு வயதிலிருந்து உட்கார்ந்தே வாசித்தவர். "நின்னுண்டா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். தலைமையாசிரியை அதற்குள் வராந்தாவுக்குப் போய்விட்டிருந்தார்.

நின்றோம். பன்னிரண்டு வயலின்களும் பன்னிரண்டு மார்புகளின் மேல் சறுக்கின. தாடையால் அழுத்தினால் கழுத்து நோகிறது. இடது கையால் தாங்கினால் விரல் வழுக்க முடியவில்லை. பிடிப்பதா, வாசிப்பதா? ஒரு வர்ணத்தின் பாதிக்குள் நம் எல்லோருடைய வலது பாதமும் தரையில் எதையோ தேடுவதுபோல் முன்னால் நகர்ந்துவிடும். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் பெரியப்பா மகளின் மேல் இருந்தது. அந்தத் தனி ஐந்து நிமிடம் அவளுக்குத்தான் என்று மிஸ்ஸின் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அது வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை.

அவள் என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். அந்த நாற்பது நாளுக்காக நான் அவளை ஆயுள் முழுக்க அக்கா என்று அழைக்க வேண்டும். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஆனாலும் அக்கா. அவர்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். பெரியப்பாவுக்குப் பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை. நாங்கள் பொன்மலை ரயில்வே குடியிருப்பில். அப்பா பணிமனையில் ஃபிட்டர். அண்ணன் மகள் வயலின் கற்கிறாள் என்று தெரிந்த மறுவாரமே என்னையும் அதே வகுப்பில் சேர்த்துவிட்டவர். அக்காவுக்கு நீளமான கழுத்து. என்னுடையது குட்டை. மற்றவர்களுக்குப் பொறாமை வயிற்றில் எரியுமாம், எனக்குக் கழுத்தில் வந்தது. அவள் தலையைத் திருப்பி யாரிடமாவது பேசும்போது அந்தக் கழுத்து வளைகிற அழகைப் பார்த்தால் என் தாடை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு தொடங்கியது தோளுக்கு முட்டுக் கொடுக்கும் படலம். ஒருத்தி துண்டை நாலாக மடித்துக் கொண்டுவந்தாள். வாசிக்கும்போது அது ஒவ்வொரு மடிப்பாக விரிந்து முழங்கால்வரை தொங்கியது. ஒருத்தி அம்மாவின் ஊசி குத்தும் மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்தாள், உள்ளே ஓர் ஊசியும் இருந்தது. ஒருத்தி குளிக்கிற ஸ்பாஞ்சு. அது வியர்வையைக் குடித்துவிட்டு, தாடையை அழுத்தும்போதெல்லாம் சட்டைக்குள் திருப்பிக் கொடுத்தது. எது சௌகரியம், எது உறுத்துகிறது, எது வழுக்காது என்று மதிய இடைவேளை முழுக்க ஒருத்தி தோளை ஒருத்தி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்தியர்கள் மாதிரி.

என்னுடையது என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் நல்லது, ஆனாலும் சொல்கிறேன்.

நின்றால் வயலின் சறுக்குகிறது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்பா என் தோளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அளந்தார். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் ஒரு ஜோடிப் புது ரப்பர் செருப்பு வாங்கினார். இடது செருப்பை அவரைவிதை வடிவத்தில் வெட்டினார். ஓரத்தை உப்புத்தாள் போட்டு மழுக்கினார். இரண்டு ரப்பர் வளையங்களால் வயலினின் முதுகில் கட்டி, "இப்ப குனி. நிமிரு. குதி" என்றார். குதித்தேன். வயலின் அசையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நாம் கொண்டுவந்த எல்லாவற்றிலும் அதுதான் உருப்படியானது.

மிஸ் என் வயலினைத் திருப்பிப் பார்த்தார். வார் மாட்டுகிற ஓட்டை ஒன்று ஓரத்தில் மிச்சமிருந்தது.

"இது என்னடி ஓட்டை?"

"செருப்பு மிஸ். புதுசு மிஸ். யாரும் கால்ல போடலை."

மிஸ் கையை இழுத்துக்கொண்டார். "செருப்பையாடி வாத்தியத்துல கட்டுவா? கழட்டு. கழட்டி வெளில போட்டுட்டு, கையை நன்னா அலம்பிண்டு வந்து சேவிச்சுக்கோ."

வயலினை ஜமுக்காளத்தில் வைத்து விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது நீங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு "செருப்புக் கச்சேரி" என்று பெயர். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வராந்தாவில் கிடந்த ரப்பர்த் துண்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் வைத்தாள்.

"சித்தப்பா எவ்வளவு நுணுக்கமா வெட்டியிருக்காரு பாருடி."

சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வீட்டில் அப்பாவிடம், "தோள்ல அழுந்துதுப்பா" என்று மட்டும் சொன்னேன். "அப்படியா, ரப்பர் கொஞ்சம் கெட்டிதான்" என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் பாலக்கரைவரை போய், ஆட்டோ சீட் தைக்கிற கடையில் ஒரு துண்டு ஃபோம் கேட்டு வாங்கி வந்தார். அது அழுத்தினால் அப்பளம்போல் தட்டையானது. இரண்டு துண்டு வைத்தால் வயலின் காதுக்கு ஏறியது. அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்காவின் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தார்.

மதிய இடைவேளையில் அவள் பெட்டியைத் திறந்தபோது நாம் அனைவரும் சுற்றி நின்றோம். கறுப்பாக, மெலிந்து வளைந்த ஒரு பாலம் மாதிரி இருந்தது. இரண்டு முனையிலும் பித்தளைத் திருகு, திருகின் மேல் ரப்பர் உறை போட்ட கொக்கிகள். ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல். தோளில் படுகிற பக்கம் மெத்தென்று பஞ்சுத் தகடு. திறந்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. உலகத்தில் எங்கேயோ ஒரு பெண்ணின் தோள் வலிக்கும் என்று யோசித்து, அந்த வலிக்காகவே ஒரு தொழிற்சாலை வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். என் அப்பாவோ செருப்பை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஷோல்டர் ரெஸ்ட்" என்றாள் அக்கா. "மாமா கடைக்காரர்கிட்ட என் உயரத்தைச் சொல்லி வாங்கினாராம்."

பெட்டியிலிருந்து ஒரு மடித்த தாள் வழுக்கி விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. நான் அதன் மேல் காலை வைத்தேன்.

ஏன் வைத்தேன்? அந்தக் கறுப்புப் பாலத்திலிருந்து ஏதோ ஒன்று என்னிடமும் இருக்கட்டும் என்றுதான் முதலில். பிறகு நிலவரைபடப் புத்தகத்துக்குள் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. அகலமான முனை தோளின் மேல், குறுகலான முனை நெஞ்சுப்பக்கம்: பக்கத்தில் சரி என்று ஒரு குறி. மாற்றி மாட்டிய படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி.

அதே நேரத்தில் மிஸ் அதை அக்காவின் வயலினில் மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். அவருடைய உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வயலின் நெஞ்சில் சாயும், தாங்குவது நெஞ்சு.

"பாரம் எல்லாம் மாருலதானே இருக்கு? அப்போ அகலமா இருக்கறது மாருக்குத்தான் வரணும்" என்று சொல்லித் திருகை முடுக்கினார்.

உட்கார்ந்தே வாசித்த ஒருவர் வேறு எப்படி யோசித்திருக்க முடியும்? இன்று யோசித்தால் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் கையில் தாள் இருந்தது. "மிஸ்" என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. அக்கா கண்ணாடி ஜன்னலில் தன்னைப் பார்த்துக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள். நான் புத்தகத்தை மூடினேன்.

தீபாவளிக்கு வழக்கம்போல் ஸ்ரீரங்கம் போனோம். ஒன்றாம் நம்பர் பஸ், காவிரிப் பாலம், சிவப்பாகத் தண்ணீர் முட்டி ஓடியது. பெரியப்பா வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் வரிசையாக இலேசான எவர்சில்வர் தட்டுகளில் இட்லி. அக்காவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். நடுவில் இருமுறை நிறுத்தித் தோளைக் குலுக்கிக்கொண்டாள். அவள் வயலினைக் கீழே வைத்ததும் அப்பா இடது கையால் அதை எடுத்தார். கட்டைவிரலால் அடியிலிருந்த ரெஸ்ட்டின் வளைவை மெல்லத் தடவிக்கொண்டே போனார். பணிமனையில் புதிதாக வந்த உதிரிப்பாகத்தை இப்படித்தான் தடவுவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு நிமிடம்தான்.

"அண்ணே, இது திருப்பி மாட்டியிருக்கு போலிருக்கே. இந்த அகலம் தோள் மேல உட்காரணும். இங்க வந்தா காறை எலும்புல குத்துமே."

பெரியப்பா சட்னியை வழித்துக்கொண்டே சொன்னார்: "மிஸ்ஸே மாட்டிக் கொடுத்ததுப்பா. முப்பது வருஷமா வாசிக்கிறவங்க. ரயில் பெட்டிக்கு போல்ட் முடுக்குற மாதிரியா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

பெரியம்மா கரண்டியோடு வந்து, "செருப்பை வெட்டிக் கட்டி அனுப்புன ஆளாச்சே, சொல்லத்தான் செய்வாரு" என்றார். அவருக்கு அதில் விஷமில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். "பாவம், புள்ளைய விழுந்து கும்பிட வச்சுட்டாங்களாம் அந்த மிஸ்."

அப்பாவுக்கு அது அப்போதுதான் தெரியும். என்னைப் பார்த்தார். அழுந்துதுப்பா என்று சொன்ன என்னை. நான் அந்தக் கறுப்புப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி என்பதற்கான தாள் பொன்மலையில், என் புத்தகத்தில், ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் இருந்தது. சொன்னால் அப்பா ஜெயிப்பார். சொன்னால் அக்காவும் ஜெயிப்பாள். இரண்டையும் எடைபோட்டேன். பதினாலு வயதில் அவ்வளவு துல்லியமாக எடைபோட முடிந்தது என்னால்.

அப்பா கைகழுவப் போனவர் அப்படியே வாசலுக்குப் போய், தெருவில் கிடந்த வெடிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்கழியில் அக்காவின் காறை எலும்பின் மேல் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்த தடம் வந்தது. பிறகு கறுத்தது. அவள் விடவில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பூட்டிய வகுப்பின் வாசலில் நின்று வாசிப்பாள். வயலின் உள்பக்கம் சரியச் சரியத் தாடையால் இழுத்துப் பிடிப்பாள். "இவ்ளோ நல்ல ரெஸ்ட்டு. எனக்குத்தான் பிடிக்கத் தெரியலை" என்று என்னிடமே சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகப் பழகச் சரியாயிடும்க்கா" என்றேன்.

பொங்கலுக்கு முன் ஒருநாள் அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. எலும்பு டாக்டர் கழுத்துப்பட்டை போட்டார். வயலின் வேண்டாம் என்றார். பெரியம்மா ஒரேயடியாக முடித்துவிட்டார்: "கழுத்து கோணிக்கிச்சுன்னா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா? போதும் சாமி இந்தப் பாட்டும் கூத்தும்."

தனி ஐந்து நிமிடம் எனக்கு வந்தது. அதோடு அந்தக் கறுப்புப் பாலமும் வந்தது. பெரியம்மாவே பொன்மலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "சும்மாதானே கிடக்கு, தங்கச்சி வச்சுக்கட்டும்."

அவர் போனதும் திருப்பி மாட்டினேன். தோளில் வைத்தேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன் உங்களுக்கு. யாரோ உள்ளங்கையால் வயலினைத் தாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. தாடை தளர்ந்தது. இடது கைக்கு எடையே இல்லை. நின்றுகொண்டே, விரல் மேலிருந்து கீழ்வரை வழுக்கியது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தானே இருக்கணும்?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? அண்ணன்கிட்டப் போயிச் சொல்லிட்டு வரேன்." சட்டையை எடுத்துவிட்டார்.

அம்மா தடுத்தார். "அந்தப் புள்ள பட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. இப்பப் போயி நீங்க பண்ணது தப்புன்னு சொல்வீங்களா? குத்திக் காட்டுற மாதிரி இருக்கும். விடுங்க."

அப்பா சட்டையைக் கொடியில் திரும்பப் போட்டார்.

வகுப்பில் மிஸ் கேட்டார், "ஏண்டி, இதை மாத்திப் போட்டிருக்கே?" சும்மா திருப்பிப் பார்த்தேன் மிஸ், சௌகரியமா இருக்கு என்றேன். மிஸ் என் கழுத்தையும் ரெஸ்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "நீளக் கழுத்துக்கு ஒரு மாதிரி, குட்டைக் கழுத்துக்கு ஒரு மாதிரி. அவாவா உடம்புவாகு." பெரியவர்களின் அந்தத் தவறு என்னைக் காப்பாற்றியது. பெரியம்மாவும் அதையே ஊரெல்லாம் சொன்னார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்காவுக்கும்.

ஆண்டுவிழாவில் நான் வாசித்தது உங்களுக்குத் தெரியும். கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் கழுத்துப்பட்டையோடு அக்காவும் தட்டினாள். திரும்பிப் பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டிப் பேச முயன்றாள். கழுத்து திரும்பவில்லை, உடம்போடு திரும்பினாள். அந்த ஐந்து நிமிடத்தில் நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

அதற்கப்புறம் அவள் வயலினைத் தொடவில்லை. நான் கல்லூரிவரை வாசித்தேன், பிறகு நானும் விட்டேன். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

போன மாதம் அக்கா என் கைபேசிக்கு ஐந்து படங்கள் அனுப்பினாள். ஐந்தும் ஷோல்டர் ரெஸ்ட். துவாக்குடியில் பொறியியல் படிக்கிற அவள் மகள், கல்லூரி இசைக்குழுவில் நின்றுகொண்டு வயலின் வாசிக்கிறாளாம். "இதுல எதுடி தோளுக்கு நல்லது? உனக்குத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தேன். பிறகு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு மடலைப் பிரித்தேன். மகளின் தோள் அளவைக் கேட்டேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருப்பதாக வாங்கச் சொன்னேன். எந்த முனை எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கையால் காட்டினேன். காட்டிய கை அப்படியே நின்றது. சொன்னேன். தாள் விழுந்தது, கால் வைத்தது, புத்தகம், படம், பழகப் பழகச் சரியாயிடும்க்கா என்றது, எல்லாம்.

அவள் ஒரு பூவின் நரம்பை உருவிப் போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறி இறங்கியது. ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சித்தப்பாகிட்டச் சொன்னியா?" என்றாள்.

"இல்லக்கா."

"கடைசிவரைக்குமா?"

"கடைசிவரைக்கும்."

"எனக்கு வலிச்சுது, போச்சு. அவருகிட்டச் சொல்லியிருக்கணும்டி நீ." கறை படிந்த கையை மடியில் துடைத்தாள். "அந்தத் தீபாவளி அன்னைக்கு அவரு ஒரு வாய்கூடச் சாப்பிடலை. மூணு இட்லியும் அப்படியே இருந்துச்சு. நான்தான் தட்டை எடுத்து உள்ள மூடி வச்சேன், கிளம்புறப்பவாவது சாப்பிடுவாருன்னு. வாசல்ல போயிக் கூப்பிட்டேன். பசிக்கலைம்மான்னாரு."

நான் அவருடைய மகள். அன்று அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஐம்பது வயதில், அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அந்த மூன்று இட்லிக்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன்.